சொல் விளக்கம்: மடக்கு நாற்காலி

பந்தல் கடையில் ‘ஃபோல்டிங் சேர்’ என்று கேட்டு வாங்குவதை எழுத்தில் ‘மடக்கு நாற்காலி’ என்கிறோம். ‘மடிப்பு நாற்காலி’ என்று எழுதுபவர்களும் உண்டு. என் கட்சி மடக்குதான். துணி, காகிதம் போன்றவற்றை மடிக்கிறோம். குடை, கத்தி போல மூட்டு உள்ளவற்றை மடக்குகிறோம். காலுக்கோ இரண்டையும் சொல்கிறோம். வேட்டியில் மடிப்பு எங்கே வேண்டுமானாலும் விழும். நாற்காலியோ ஆணி இறங்கிய இடத்தில்தான் மடங்கும்.

நான்கு காலுடையது நாற்காலி, மூன்று காலுடையது முக்காலி. ஈழத்தில் வழங்கும் ‘கதிரை’ போர்த்துக்கீசிய மொழி தந்தது. அங்கே எழுதும்போது ‘மடக்கு கதிரை’ என்றாலே போதும், இடையில் ‘க்’ வேண்டாம். மடக்கிய, மடக்குகிற, மடக்கும் என மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை இது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது.

இன்று கூட்டம் முடிந்ததும் சுவரோரம் சாத்தப்படும் இந்த இருக்கை, ஒரு காலத்தில் அதிகாரத்தின் அடையாளம். படையோடும் பரிவாரத்தோடும் இடம் மாறிக்கொண்டே இருந்தவர்களுக்குக் கூடவே வரும் இருக்கை தேவைப்பட்டது. சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த எகிப்திய மன்னர் துட்டன்காமனின் கல்லறையில் இவ்வகை இருக்கைகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று மடங்கவே மடங்காது. குறுக்குக் கால்கள், காலடியில் வாத்துத் தலைகள், விலங்குத் தோலை விரித்ததுபோல் கருங்காலியில் தந்தம் பதித்த இருக்கைப் பலகை என எல்லாம் மடக்கு இருக்கையின் சாயல்; அந்த வடிவத்துக்கே அவ்வளவு மதிப்பு இருந்திருக்கிறது. ரோமாபுரியின் உயர் அதிகாரிகளுக்கும் குறுக்குக் கால் இருக்கைதான் பதவிச் சின்னம். சீனத்தில் ‘முதல் மடக்கு நாற்காலி’ என்றால் இன்றும் தலைமை இடம். பிரெஞ்சுக்காரர்கள் கைவைத்த சொகுசு நாற்காலியை ‘ஃபோத்தெய்’ என்கிறார்கள். மடங்கும் இருக்கை என்று பொருள்படும் பழைய பிராங்கு மொழிச் சொல்லின் வழிவந்தது அது. மடங்கும் குணம் போய்விட்டது, பெயர் நிற்கிறது.

குறுக்கே வைத்த இரண்டு சட்டங்களும் அவற்றை இணைக்கும் ஓர் ஆணியும்தான் இதன் உயிர். உட்கார்ந்ததும் உடல் பாரம் கால்களை அகற்றப் பார்க்கும். மேலே கட்டிய துணியோ தோலோ விறைத்து இழுத்துப் பிடிக்கும். அமெரிக்காவில் 1911இல் நத்தானியேல் அலெக்சாண்டர் காப்புரிமை பெற்ற மடக்கு நாற்காலியின் முதுகில், பின்வரிசையில் இருப்பவர் புத்தகம் வைத்துக்கொள்ளத் தாங்கி இருந்தது.

நம் ஊர் மண்டபங்களில் இப்போது பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. அவை ஒன்றன்மேல் ஒன்று அடங்குபவை. அவற்றை ‘அடுக்கு நாற்காலி’ என்று பிரித்துச் சொல்வது நல்லது.

இந்தச் சொல்லை நான் மிகவும் மதிப்பது வேறொரு பொருளுக்காக. சுரங்க விபத்தில் நடக்கும் திறனை இழந்த பொறியாளர் ஹெர்பர்ட் எவரெஸ்டுக்காக, அவருடைய நண்பர் ஹாரி ஜென்னிங்ஸ் 1930களில் காருக்குள் வைத்துக் கொண்டுபோகக்கூடிய, எடை குறைந்த ஒரு சக்கர நாற்காலியை உருவாக்கினார். அதன் அடியிலும் அதே குறுக்குச் சட்டங்கள்தாம். மருத்துவமனை வாசலிலும் ரயில் நிலையத்திலும் நாம் இன்று பார்க்கும் பெரும்பாலானவை அந்த வடிவத்தின் வழித்தோன்றல்களே. அதைத் தமிழில் ‘மடக்கு சக்கர நாற்காலி’ என்று எழுதலாம்.