எதை எண்ணிக் காசு வாங்குகிறார்கள்?

ஒரு மதுக்கடைக்காரர் போன் போட்டு, "இருபது பெட்டி அனுப்புங்கள்" என்கிறார். மறுமுனையில் இருக்கும் ஊழியர் அதைக் கணினியில் பதிகிறார். இந்த ஆர்டரில் மென்பொருளைப் பயன்படுத்தியவர் யார்? அந்த ஊழியர் ஒருவர்தான். சரி, அதே கடைக்காரர் போனை விட்டுவிட்டு இணையதளத்தில் தானே ஆர்டர் போடுகிறார், அது நேராக நிறுவனத்தின் கணினிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது பயன்படுத்தியவர் யார்?

2017 பிப்ரவரியில் லண்டன் உயர் நீதிமன்றம் இந்தக் கேள்விக்குத்தான் தீர்ப்பு சொன்னது. வழக்குப் போட்டது, நிறுவனங்களின் கணக்கு, ஆர்டர், சரக்கு ஆகியவற்றைக் கவனிக்கும் மென்பொருளை விற்கும் எஸ்ஏபி. எதிர்த்தரப்பு ஜானி வாக்கர், கின்னஸ் ஆகியவற்றைத் தயாரிக்கும் டியாஜியோ. எஸ்ஏபி கேட்ட கூடுதல் தொகை சுமார் 5.45 கோடி பவுண்டு.

2004-இல் போட்ட ஒப்பந்தம் அது. ஐபோன் வருவதற்கே இன்னும் மூன்று வருடம் இருந்தது. மென்பொருளைத் தொடுகிற ஒவ்வொருவருக்கும் தலைக்கு ஒரு உரிமம் என்பது கணக்கு. பிறகு டியாஜியோ, சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற இன்னொரு மென்பொருள் நிறுவனத்தின் தளத்தில் இரண்டு செயலிகளை உருவாக்கியது. ஒன்று அதன் விற்பனைப் பிரதிநிதிகளுக்கு, இன்னொன்று ஆர்டர் போடும் வாடிக்கையாளர்களுக்கு. இரண்டும் எஸ்ஏபியின் ஒரு இணைப்பு மென்பொருள் வழியாக உள்ளே பேசின. "அந்த இணைப்புக்குத்தான் தனியாகப் பணம் கட்டியிருக்கிறோமே" என்றது டியாஜியோ. நீதிபதி ஏற்கவில்லை. பயனாளர் என்றால் யார் என்று ஒப்பந்தமே சொல்லியிருந்தது: மென்பொருளை "நேரடியாகவோ மறைமுகமாகவோ" அணுக அனுமதி பெற்றவர். அந்த 'மறைமுகமாகவோ'வுக்குள் ஆயிரக்கணக்கான கடைக்காரர்கள் வந்து விழுந்தார்கள். தொகை எவ்வளவு என்பதை நீதிமன்றம் அன்று முடிவு செய்யவில்லை. பணம் கட்ட வேண்டிய பொறுப்பு உண்டு என்று மட்டும் சொன்னது.

என்னைக் கேட்டால், மென்பொருள் ஒப்பந்தம் எப்படி வேலை செய்கிறது என்பது இந்த ஒரே வழக்கில் அடங்கிவிடுகிறது. விலைப்பட்டியலில் இருப்பது ஒரு அலகின் விலை மட்டும்தான். அந்த அலகு எது, அதை எப்படி எண்ணுவது என்பது, ஒப்பந்தத்தில் சொற்களுக்குப் பொருள் சொல்லும் விளக்கங்கள் பகுதியில் இருக்கும். உண்மையான விலை அங்கேதான் முடிவாகிறது.

ஏன் இப்படி? அரிசியை எடை போடலாம், துணியை அளக்கலாம். மென்பொருளின் இரண்டாவது பிரதியை உருவாக்க ஏறக்குறைய செலவே இல்லை. ஒரு காலத்தில் ஐபிஎம் தன் கணினிகளுடன் மென்பொருளையும் சேர்த்தே கொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் தனித்தனி விலை என்று 1969-இல் அறிவித்தது. அப்படித் தனியாக விற்கும்போது, எதை வைத்து விலை போடுவது என்ற கேள்வி வந்தே தீரும். ஆட்களை எண்ணலாம், கணினிகளை எண்ணலாம், சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளான கோர்களை எண்ணலாம். வாங்குபவருக்குக் கிடைக்கும் பயன் எதோடு சேர்ந்து வளர்கிறதோ, அதை எண்ணத்தான் விற்பவர் விரும்புவார். தொழில்நுட்பம் மாறினால் எண்ணும் அலகும் மாறும். எஸ்ஏபியே 2018-இல், வெளியிலிருந்து வரும் பயன்பாட்டுக்கு ஆட்களை விட்டுவிட்டு, உருவாகும் ஆவணங்களை எண்ணும் முறையைக் கொண்டுவந்தது.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். ஆரக்கிள் நிறுவனத்தின் தரவுச் சேமிப்பு மென்பொருளான எண்டர்பிரைஸ் டேட்டாபேஸின் பட்டியல் விலை, ஒரு பிராசஸருக்கு 47,500 டாலர். பிராசஸர் என்றால் சிப் என்று நினைத்துவிடக் கூடாது; கோர்களின் எண்ணிக்கையை, சிப்பின் வகைக்கு ஆரக்கிள் வைத்திருக்கும் ஒரு காரணியால் பெருக்கினால் வருவதுதான் அது. ஒரு சர்வரில் இரண்டு இன்டெல் சிப்புகள், ஒவ்வொன்றிலும் 16 கோர்கள் என்றால் மொத்தம் 32. இன்டெல்லுக்கான காரணி 0.5. பெருக்கினால் 16 உரிமங்கள், அதாவது 7,60,000 டாலர். இதற்கு மேல் ஆண்டுக்கு 22 சதவீதம் பராமரிப்புக் கட்டணம், 1,67,200 டாலர். ஐந்து வருடத்துக்குள் பராமரிப்பே உரிமத்தின் விலையைத் தாண்டிவிடும்.

இப்போது அந்த சர்வரை, ஒரு இயந்திரத்தைப் பல இயந்திரங்கள் போல் இயங்க வைக்கும் விஎம்வேர் மென்பொருளைக் கொண்டு பிரித்து, நான்கு கோர்கள் உள்ள ஒரு சிறு பகுதியில் மட்டும் டேட்டாபேஸை ஓட்டுகிறீர்கள். நமக்கு இரண்டு உரிமம் போதும் என்று தோன்றும். அந்தப் பிரிப்பை நாங்கள் ஏற்பதில்லை, முழு இயந்திரத்துக்கும் கட்டுங்கள் என்பது ஆரக்கிளின் கொள்கை. எட்டு மடங்கு வித்தியாசம்! இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தக் கொள்கையைச் சொல்லும் ஆவணமே, தான் ஒப்பந்தத்தின் பகுதி அல்ல என்றும் சொல்கிறது. அதனால் சர்வரை எப்படிப் பிரித்திருக்கிறோம், எத்தனை கோர்கள் எண்ணப்படும் என்பதை இரு தரப்பும் கையெழுத்திட்ட இணைப்பாக ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுவதுதான் பாதுகாப்பு. உரிமங்களைச் சரிபார்க்க ஆரக்கிளிடமிருந்து தணிக்கைக்கு ஆள் வந்த பிறகு இதைப் பேச ஆரம்பித்தால், பேரம் அவர்கள் கையில் போய்விடும்.

ஜாவா என்ற நிரல்மொழி விஷயம் இன்னும் கடுமை. 2023 ஜனவரியில் ஆரக்கிள் ஜாவா சந்தாவின் அலகை 'ஊழியர்' என்று மாற்றியது. ஜாவாவைப் பயன்படுத்தும் ஊழியர் அல்ல, எல்லா ஊழியரும். பகுதிநேரம், தற்காலிகம், ஒப்பந்த ஆட்கள், ஆலோசகர்கள் எல்லோரும் கணக்கில் வருவார்கள். 500 பேர் வேலை செய்யும் ஒரு தொழிற்சாலையில் அந்தச் சந்தா இரண்டே சர்வர்களுக்குத்தான் தேவை என்றாலும், அறிவித்த விலையில் தலைக்கு மாதம் 15 டாலர் வீதம் ஆண்டுக்கு 90,000 டாலர். வாசலில் நிற்கும் காவலரும் அதில் ஒருவர். ஜாவாவின் திறமூல வடிவமான ஓப்பன்ஜேடிகே இலவசமாகவே கிடைக்கிறது. பல இடங்களில் அதற்கு மாறினாலே போதும். கையில் இன்னொரு வழி இருந்தால்தான் பேரமே பேச முடியும்.

பேரம் என்றதும் நம் ஆட்கள் நேராக டிஸ்கவுண்டுக்குப் போய்விடுகிறார்கள். 40 சதவீதம் குறைத்தார்கள் என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தத் தள்ளுபடி புதுப்பிக்கும்போதும் தொடருமா, பராமரிப்புக் கட்டணம் வருடத்துக்கு எவ்வளவு ஏறலாம் என்று உச்சவரம்பு இருக்கிறதா, பாதி உரிமங்களைத் திருப்பினால் மீதிக்கு விலை ஏறிவிடுமா என்று கேட்பதில்லை. சந்தா மென்பொருளாக இருந்தால், விலகும்போது நம் தரவு எந்த வடிவில், எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

நேரமும் ஒரு ஆயுதம். ஆரக்கிளின் நிதியாண்டு மே 31-இல் முடிகிறது, மைக்ரோசாஃப்டுக்கு ஜூன் 30, எஸ்ஏபிக்கு டிசம்பர் 31, சேல்ஸ்ஃபோர்ஸுக்கு ஜனவரி 31. விற்பனைப் பிரதிநிதிக்கு அந்தத் தேதிக்குள் இலக்கை முடிக்க வேண்டிய நெருக்கடி இருக்கும். ஆனால் கடைசி வாரத்தில் அவரால் சுலபமாகத் தர முடிவது தள்ளுபடி மட்டும்தான். 'பயனாளர்' என்ற சொல்லின் விளக்கத்தில் ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால் அது அவர்களுடைய சட்டப் பிரிவுக்குப் போய்த் திரும்ப வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். மே மாதத்தில் கையெழுத்துப் போடப் போகிறீர்கள் என்றால், விளக்கங்கள் பகுதியைப் பற்றிய முதல் மின்னஞ்சல் பிப்ரவரியிலேயே போயிருக்க வேண்டும்.