அடுத்தவர் காட்டில் நடக்கலாமா, அடுத்தவர் ஏரியில் குளிக்கலாமா? நோர்வேயின் ‘எல்லோருக்குமான உரிமை’

கடந்த யூலையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த மாமாவை ஒஸ்லோவுக்கு வெளியே, காட்டுக்குள் இருக்கும் ஒரு சிறிய ஏரிக்கு அழைத்துப் போயிருந்தேன். பிள்ளைகள் சட்டையைக் கழற்றிப் பாறையில் வீசிவிட்டுத் தண்ணீரில் குதித்துவிட்டார்கள். மாமா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, “இது யாருடைய காணி, தம்பி?” என்றார். யாரோ ஒரு விவசாயியின் காடாக இருக்கும் என்றேன். “அவரிடம் கேட்டாயா?” “கேட்கத் தேவையில்லை, மாமா.” அவர் நம்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் வேலிக் கதியாலை அரை அடி தள்ளி நட்டதற்காகக் கோர்ட்டுப் படி ஏறிய குடும்பம் அவருடையது. ஆளில்லாத காணியில் சொந்தக்காரன் தெரியாமல் நுழைவது திருட்டுக்கு அடுத்த படி என்றுதான் அவர் வளர்ந்தார். நானும் அப்படித்தான் வளர்ந்தேன்.

இங்கே பத்து, இருபது வருடம் வாழ்ந்த நம்மவர்கள் பலரும் காட்டுக்குப் போவதென்றால் அறிவிப்புப் பலகை வைத்த பொதுப் பூங்காவோடு நின்றுவிடுகிறார்கள். அதற்கு அப்பால் இருப்பது ‘வெள்ளைக்காரர்களின் இடம்’ என்று ஒரு தயக்கம். சட்டத்தில் அந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை.

நோர்வேக்காரர்கள் இதை ‘அல்லெமன்ஸ்ரெத்தன்’ என்கிறார்கள். எல்லோருக்குமான உரிமை என்று பொருள். நூற்றாண்டுகளாக வழக்கத்தில் இருந்ததை 1957 யூன் 28 அன்று வெளிப்புற வாழ்வுச் சட்டமாக எழுதி வைத்தார்கள். ‘ஃப்ரிலுஃப்ட்ஸ்லோவன்’ என்று கேட்டால் எந்த நூலகத்திலும் எடுத்துத் தருவார்கள். சட்டம் உரிமையை ‘எவருக்கும்’ என்றே கொடுக்கிறது. குடியுரிமை, வதிவிட அனுமதி, வரி கட்டிய சான்று எதையும் அது கேட்பதில்லை. நேற்று விமானத்தில் இறங்கிய மாமாவுக்கும், அகதி விண்ணப்பத்தின் முடிவுக்குக் காத்திருப்பவருக்கும், பரம்பரைக் காட்டுச் சொந்தக்காரருக்கும் அந்த ஏரியில் ஒரே உரிமைதான்.

இதனால் காடு பொதுச்சொத்து ஆகிவிடவில்லை. மரம் சொந்தக்காரருடையது, வேட்டை உரிமை அவருடையது, மண்ணும் அவருடையது. நமக்குக் கிடைப்பது அதைக் கடந்து போகவும், தங்கி இளைப்பாறவும், தண்ணீரில் இறங்கவுமான உரிமை மட்டும். அதுவும் ‘கவனத்தோடும் பிறரை மதித்தும்’ என்ற நிபந்தனையோடு. மோசமாக நடந்துகொள்கிறவரை வெளியேறச் சொல்லும் உரிமை சொந்தக்காரருக்கு உண்டு.

எல்லாம் இரண்டு சொற்களில்தான் தங்கியிருக்கிறது: ‘ஊட்மார்க்’, ‘இன்மார்க்’. காடு, மலை, சதுப்பு, தரிசு, பெரும்பாலான ஏரிக்கரை, கற்பாறைக் கடற்கரை எல்லாம் ஊட்மார்க். அங்கே வருடம் முழுவதும் நடக்கலாம். வீட்டு முற்றம், விடுமுறைக் குடிசையைச் சுற்றியுள்ள நிலம், வயல், புல் அறுக்கும் நிலம், மேய்ச்சலுக்குப் பண்படுத்திய நிலம் ஆகியவை இன்மார்க். வயலில் பனி மூடியிருக்கும்போதோ நிலம் உறைந்திருக்கும்போதோ நடக்கலாம். ஆனால் ஏப்ரல் 30 முதல் ஒக்டோபர் 14 வரை பனி இருந்தாலும் கூடாது. அது புல்லும் பயிரும் வளரும் காலம். முற்றமும் வேலியடைத்த தோட்டமும் பனி விழுந்தாலும் முற்றம்தான், அங்கே நடக்கக் கூடாது. மாமாவின் வேலி நியாயம் இங்கே அப்படியே செல்லுபடியாகும்.

வயலைத் தாண்டித்தான் காட்டுக்குப் போக வேண்டுமென்றால் என்ன செய்வது? காட்டுக்கு இட்டுச் செல்லும் பாதையோ ஒற்றையடிப் பாதையோ வயலுக்குள் இருந்தால் அதன் வழியே நடந்து போகலாம். ஆனால் அந்தப் பாதை ஒருவரின் முற்றத்துக்குள் போகக் கூடாது. நடந்து போகலாமே தவிர, வழியில் துணி விரித்து உட்கார முடியாது. தனியார் வீதியில் காருக்குத் தடைக்கம்பம் போட்டிருப்பார்கள். அந்தக் கம்பம் கால்நடையாக வருபவருக்கு அல்ல. அதைச் சுற்றி நடந்து போகும்போது நமக்கு மட்டும் ஏனோ முதுகு கூசும்.

நீராடுவது

கடலில் குளிப்பதைச் சட்டம் நேரடியாகவே சொல்கிறது: ஊட்மார்க் கரையிலிருந்தோ படகிலிருந்தோ எவரும் குளிக்கலாம், ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்தோ குடிசையிலிருந்தோ ‘நியாயமான தூரத்தில்’ இருக்க வேண்டும், மற்றவர்களை ஒதுக்கித் தள்ளக் கூடாது. ஏரியிலும் ஆற்றிலும் குளிப்பதற்கு 2000ஆம் ஆண்டின் நீர்வளச் சட்டம் இதே போக்கில் இடம் தருகிறது.

நியாயமான தூரம் என்றால் எத்தனை மீட்டர்? சட்டம் எண் கொடுக்கவில்லை. இங்கேதான் பெரும்பாலான சச்சரவு கிளம்புகிறது. ஒஸ்லோ ஃபியோர்டின் இரு கரைகளிலும் கோடைக்காலக் குடிசைகள் நெருங்கி நிற்கின்றன; தண்ணீரிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டத் தடை வருவதற்கு முன்பே எழுந்தவை பல. சில சொந்தக்காரர்கள் ‘150 மீட்டர் தள்ளிப் போ’ என்பார்கள். நம்மவர்களும் பேசாமல் துவாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அந்த 150 மீட்டர் கூடாரத்துக்கான கணக்கு, குளிப்பதற்கானது அல்ல. இரண்டையும் சொந்தக்காரர்களே குழப்பிக்கொள்கிறார்கள், சிலர் தெரிந்தேயும். குடிசைக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு பாறை முகடு, நாலு பைன் மரம், ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்காத இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். சன்னலுக்கு நேரே, அவர்கள் தேநீர் குடிக்கும் மேசைக்குக் கீழே என்றால் அது உங்கள் இடம் அல்ல. நிலத்தைப் பார்த்து முடிவு செய்வதுதான் ‘நியாயம்’ என்ற சொல்லின் வேலை.

‘பிரிவாட்’ (தனியார் இடம்) என்று எழுதிய பலகைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலகை வைத்தால் மட்டும் ஓர் இடம் தனியிடம் ஆகிவிடாது. உரிமையுள்ள இடத்தில் மக்களைத் தடுக்கும் பலகையோ வேலியோ வைக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதை அகற்றச் சொல்லும் அதிகாரம் நகரசபைக்கு உண்டு. சந்தேகமான பலகையைக் கண்டால் வாக்குவாதம் வேண்டாம். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, நகரசபைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

பணம் கேட்டால்? சொந்தக்காரர் குளிக்கும் கரையைச் சீராக்கி, கழிப்பறை, படிக்கட்டு எல்லாம் அமைத்திருந்தால், நகரசபையின் அனுமதி பெற்று நியாயமான கட்டணம் வாங்கலாம். வெறும் பாறைக்கும் தண்ணீருக்கும் வாங்க முடியாது. கார் நிறுத்துமிடத்துக்கான கட்டணம் வேறு கணக்கு, அதைக் கட்டத்தான் வேண்டும்.

ஒரு முக்கியமான விலக்கு குடிநீர் ஏரிகள். ஒஸ்லோவின் வடக்கில் இருக்கும் மரிடால் ஏரியைப் பார்த்தால் குதிக்கத் தோன்றும், அவ்வளவு தெளிவு. நகரத்தின் குடிநீரில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது. அங்கே குளிப்பதற்குத் தடை. கரையோரம் பலகைகள் இருக்கும், இவற்றை மதியுங்கள். பக்கத்திலேயே, 5ஆம் இலக்க மெட்ரோவின் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் சொங்ஸ்வான் ஏரி. அங்கே நாள் முழுக்க நீந்தலாம். சுற்றிவரும் பாதை ஏறத்தாழ 3.3 கிலோமீட்டர், தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டும் நடக்கலாம். முதன்முதலாகப் போகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இந்த ஏரியைத்தான்.

கூடாரமும் நெருப்பும்

ஊட்மார்க்கில் கூடாரம் அடிக்க யாரையும் கேட்க வேண்டாம். ஆள் இருக்கும் வீட்டிலிருந்தோ குடிசையிலிருந்தோ 150 மீட்டருக்குக் குறையாத தூரம் வேண்டும். அந்தத் தூரத்திலும் அவர்கள் அமைதி கெடும் என்றால் இன்னும் தள்ளிப் போக வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு நாள் வரை தங்கலாம், அதற்கு மேல் சொந்தக்காரரின் அனுமதி தேவை. உயர்ந்த மலைப்பகுதியிலும் குடியிருப்பிலிருந்து வெகுதூரம் தள்ளிய இடங்களிலும் இந்த இரண்டு நாள் வரம்பு இல்லை. தேசியப் பூங்கா, இயற்கைக் காப்பிடம், குடிநீர்ப் பகுதி ஆகியவற்றுக்குத் தனி விதிகள் இருக்கும்; புறப்படுமுன் அந்த நகரசபையின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

நம்மவர்கள் அதிகம் தவறுவது நெருப்பில்தான். ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் நெருப்பு மூட்டப் பொதுத் தடை உண்டு. தீப்பிடிக்க வாய்ப்பே இல்லை என்று வெளிப்படையாகத் தெரியும் இடத்தில் மட்டும் விலக்கு. தண்ணீரை ஒட்டிய கூழாங்கல் கரை அப்படி ஓர் இடமாகலாம். கடையில் வாங்கும் அலுமினியத் தட்டு பார்பிக்யூவும் நெருப்புத்தான். ‘இது நெருப்பு மூட்டுவதில் சேராது’ என்று நினைத்துக் காய்ந்த புல்லின் மேல் வைத்துவிட்டு, எடுக்கும்போது கீழே கரிந்த சதுரம் ஒன்றைப் பார்த்துத் திடுக்கிட்டவர்களில் நானும் ஒருவன். கடும் வறட்சியில் நகரசபை முழுத் தடை விதித்துவிட்டால் தண்ணீர்க்கரை விலக்கும் போய்விடும். மழமழப்பான கற்பாறையின் மேல் நேரடியாக மூட்டுவதும் தவறு. சூட்டில் பாறை வெடித்து ஆறாத தழும்பாக நிற்கும். நிற்கும் மரத்தில் கிளை முறிப்பதோ, பிர்ச் மரத்தின் பட்டையை உரிப்பதோ நம் உரிமையில் இல்லை.

பழமும் மீனும்

ஓகஸ்ட் மாதக் காட்டில் முழங்கால் உயரச் செடிகளில் புளூபெரி கறுத்துக் கிடக்கும். பறிக்கலாம், வாளி நிறைய வீட்டுக்கும் கொண்டுபோகலாம். காளானும் செம்மணிப் பழமான லிங்கன்பெரியும் அப்படியே. அன்று மாமாவைக் கடைசியில் அசைத்தது இதுதான். ஒரு பிடி வாயில் போட்டார், பிறகு இன்னொரு பிடி. நாக்கை நீட்டிக் காட்டச் சொன்னேன். நாவற்பழம் தின்ற பள்ளிக்கூடப் பையன் போல ஊதா நிறம். விதிவிலக்கு ஒன்று உண்டு: வட நோர்வேயில் மஞ்சள் நிற மொல்த்தெ பழம் விளையும் நிலத்தில், சொந்தக்காரர் தடை விதித்திருந்தால் பறித்துக் கொண்டுபோக முடியாது. நின்ற இடத்திலேயே தின்பதற்கு அந்தத் தடை பொருந்தாது.

மீன் வேறு. கடலில் தூண்டில் போட அனுமதிச்சீட்டு வேண்டாம். ஏரியிலும் ஆற்றிலும் வேண்டும். ‘ஃபிஸ்கெகோர்ட்’ என்று கேட்டு வாங்குங்கள், இணையத்திலும் கிடைக்கும். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், சல்மன் ஏறிவராத நீர்நிலைகளில் ஓகஸ்ட் 20 வரை தூண்டிலில் இலவசமாகப் பிடிக்கலாம்.

நாயை ஏப்ரல் 1 முதல் ஓகஸ்ட் 20 வரை கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். பறவைகள் குஞ்சு பொரிக்கும், ஆடுகள் மேயும் காலம் அது. காட்டுக்குள் மோட்டார் வாகனத்துக்கு 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை. சைக்கிளைப் பாதையில் ஓட்டலாம்.

சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. குடும்பமாகவும் நண்பர்களாகவும் போவதற்கு யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் கோடைக்கால ஒன்றுகூடல் என்று நூறு பேர், ஒலிபெருக்கி, கயிறிழுத்தல், பெரிய அண்டாவில் கொத்துரொட்டிக் குழம்பு என்று வந்தால் அது இந்த உரிமைக்குள் அடங்காது. குறிப்பிடத்தக்க சேதமோ இடைஞ்சலோ வரக்கூடிய கூட்டத்துக்கும் போட்டிக்கும் நிலச் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும். முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதினால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். குப்பைப் பைகளையும் கூடவே கொண்டுபோங்கள்; காட்டுக்குள் யாரும் வந்து அள்ளிப் போக மாட்டார்கள், இடத்தைக் கெடுத்துவிட்டுப் போவதையும் இதே சட்டம் தடுக்கிறது.

கடைசியாகத் தண்ணீரைப் பற்றி. உரிமை இருக்கிறது என்பதற்காகக் காவலர் இருப்பார் என்று எண்ணிவிடாதீர்கள்; பெரும்பாலான ஏரிகளில் யாருமே இருக்க மாட்டார்கள். கீரிமலைக் கேணியில் நீந்தப் பழகியவர்களை இங்குள்ள தண்ணீர் ஏமாற்றும். மேலே ஒரு முழம் இதமாக இருக்கும், காலை நீட்டினால் கீழே பனிக்கட்டி போல் குளிரும். அந்தக் குளிர் பட்டதும் மூச்சு தானாக இழுக்கும், அப்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் ஆபத்து. குதிக்காமல் மெதுவாக இறங்குங்கள், கரையோரமாகவே நீந்துங்கள். சில பாறைகள் இரண்டு எட்டு வரை கணுக்காலளவு ஆழம், மூன்றாவது எட்டில் அடியே தெரியாது. எட்டு மீட்டருக்குக் குறைந்த படகில் போகும்போது உயிர்காப்பு அங்கி அணிவது 2015 மே 1 முதல் சட்டக் கட்டாயம். கரையில் மிதவை வளையம் எங்கே தொங்குகிறது என்று தண்ணீரில் இறங்குமுன்பே பார்த்து வையுங்கள். ஆம்புலன்சுக்கு 113, பொலிசுக்கு 112, தீயணைப்புக்கு 110. எந்த இடம் என்று கேட்பார்கள். ஏரியின் பெயரையும் கார் நிறுத்திய இடத்தையும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.