கல்லடிக்குக் கோட்டிங் காவல் ஆகாது

சென்ற திங்கட்கிழமை காலையில் பட்டறையின் ஷட்டரை ஏற்றுவதற்கு முன்பே வாசலில் ஒரு சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் நின்றிருந்தது. பெங்களூரில் டெலிவரி எடுத்து 19 நாள்தான் ஆகியிருந்தது. எடுத்த அன்று கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் வழியாகச் சேலம் வந்து சேர்ந்ததும், அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறி இறங்கியதும் தவிர, அந்த வண்டி வேறு பெரிய பயணம் எதுவும் போகவில்லை. பானெட்டின் முன்விளிம்பிலும் பம்பரிலும் விளக்கைப் பிடித்து எண்ணினோம். 17 இடங்களில் பெயிண்ட் பெயர்ந்திருந்தது. பின்சக்கர வளைவுக்கு முன்னால் உள்ள அகன்ற பக்கத் தகட்டில், மணலை அள்ளி வீசியதைப் போன்ற புள்ளிகள் தனியாக இருந்தன. உரிமையாளரான இளைஞர் கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணா, எடுக்கும்போதே 9எச் செராமிக் மூணு கோட்டு போட்டுத்தானே எடுத்தேன்? அப்புறம் எப்படிக் கல் பட்டுப் பெயரும்?"

இந்தக் கேள்வியை இந்த ஆண்டில் மட்டும் எத்தனையாவது முறையாகக் கேட்கிறேன் என்று எனக்கே கணக்குத் தெரியவில்லை. கேட்பவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆசைப்பட்டு, பல ஆண்டுகள் பணம் சேர்த்து வாங்கியவரிடம், ஒரு வேலைக்குரிய பொருளை முற்றிலும் வேறொரு வேலைக்கு உரியது என்று நம்பவைத்து அனுப்புகிறார்களே, அதுதான் பொறுக்க முடியாததாக இருக்கிறது. செராமிக் என்பது பெயிண்ட்டின் மேல் திரவமாகப் பூசி இறுகவிடும் ஒரு மெல்லிய பூச்சு. எனவே அதன் பெயரோடு சேர்த்துச் சொல்லும் அந்த 9எச் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதைச் சற்று விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

9எச் என்பது பென்சிலின் பெயர். பள்ளியில் படம் வரைய எச்பி, 2பி, 4பி என்று வாங்கினோமே, அதே வரிசையின் கடினமான முனையில் இருப்பது 9எச். பெயிண்ட் துறையில் ஒரு பூச்சு எவ்வளவு கடினமானது என்று பார்க்க, பென்சிலின் ஊசியைத் தட்டையாகத் தேய்த்து, 45 பாகைக் கோணத்தில் சாய்த்து, 750 கிராம் எடையுள்ள ஒரு சிறு வண்டியில் பொருத்திப் பூச்சின் மேல் தள்ளுவார்கள். கீறல் விழாமல் தாங்கிய மிகக் கடினமான பென்சில் எதுவோ, அதுவே அந்தப் பூச்சின் அளவு. ஆகவே 9எச் என்றால் அந்தப் பென்சில் கீறவில்லை என்பது மட்டுமே பொருள். பென்சிலின் ஊசியோ வெறும் கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டது. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோல் முற்றிலும் வேறானது. அதில் வைரம் 10, குருந்தம் 9, குவார்ட்ஸ் 7. இந்த இரண்டு அளவுகளையும் குழப்பிக்கொண்டு, 9எச் என்றால் வைரத்துக்கு ஒரு படி கீழே என்று சொல்லி விற்பதையும், அதை நம்பி வாங்குவதையும் நான் வாரந்தோறும் பார்க்கிறேன். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற கடினமான கல் வகை. அதில் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் நிறைந்திருக்கின்றன. நம் ஊர்ச் சாலையில் கிடக்கும் ஜல்லி பென்சிலை விட எவ்வளவோ கடினமானது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. கல் வந்து மோதுவது கீறல் அல்ல, அடி. ஆலையிலிருந்து வரும் பெயிண்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரைதான் இருக்கும் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அதில் மேலே பளபளக்கும் கிளியர் கோட் ஏறத்தாழ 40 மைக்ரான், அதாவது தலைமுடியின் தடிமனை விடக் குறைவு. செராமிக் கோட்டிங்கோ ஒன்றிரண்டு மைக்ரான். மூன்று முறை பூசினாலும் தோசைக்கல்லில் துணியால் எண்ணெய் தடவிய அளவுதான் அதன் கனம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியின் மூக்கில் ஒரு மிளகளவு கல் வந்து மோதும்போது, அந்த அடியை வாங்கிக்கொண்டு அமுங்கி மீள ஒரு தடித்த, நெகிழக்கூடிய பொருள் வேண்டும். மெல்லியதும் கடினமானதுமான ஒரு படலம் அந்த அடியை அப்படியே கீழே கடத்திவிடும். வேகம் இரட்டிப்பானால் அடியின் வலு நான்கு மடங்காகிறது என்பதையும் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் மறக்கக் கூடாது.

அந்த நெகிழும் பொருள்தான் பிபிஎஃப் என்று நாங்கள் சொல்லும், பெயிண்ட்டின் மேல் ஒட்டும் பாதுகாப்பு ஃபிலிம். வியட்நாம் போர்க்காலத்தில் மணலும் சிதறலும் பட்டு ஹெலிகாப்டரின் விசிறி இறக்கைகள் தேய்வதைத் தடுக்க உருவானது அதன் மூதாதை. இன்று நல்ல ஃபிலிம் என்பது டிபியூ என்ற நெகிழும் பிளாஸ்டிக்கால் (ஒரு வகைப் பாலியூரித்தேன்) ஆனது, ஏறத்தாழ 150 முதல் 200 மைக்ரான் தடிமன் உள்ளது. வண்டியின் மொத்தப் பெயிண்ட்டை விட அதிகம். மேலே விழும் மெல்லிய கீறல்கள் வெயிலிலோ வெந்நீரிலோ தானாக மறையும். ஆழமான வெட்டு மறையாது. அப்படி மறையும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் முன்பணம் கொடுக்காதீர்கள். விலை குறைவு என்று பிவிசி ஃபிலிமை ஒட்டிவிட்டுச் சில கோடைகளுக்குள் மஞ்சளித்துப்போய், உரிக்கும்போது பசை முழுவதும் பெயிண்ட்டிலேயே தங்க, பிறகு என்னிடம் வந்து நின்றவர்கள் பலர்.

முழு வண்டிக்கும் ஃபிலிம் ஒட்ட லட்சக்கணக்கில் செலவாகும் என்பது உண்மைதான். எல்லோரும் முழுவதும் ஒட்டியாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஸ்போர்ட்ஸ் காரின் உடலமைப்பைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண காருக்குப் பம்பரும் பானெட்டின் முன்பாதியும் போதும் என்று சொல்லலாம். தாழ்ந்த மூக்கும் அகன்ற, மென்மையான டயரும் உள்ள வண்டிக்கு அது போதாது. அந்த டயர்கள் சூடேறினால் சாலையில் கிடக்கும் பொடிக்கல்லை ஒட்டி எடுத்துத் வண்டியின் உடம்பின் மீதே வீசும். ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் மழைக்குப் பிறகு மண்ணும் சரளையும் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும். வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் அந்தச் சரளை நேராகப் பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள தகட்டில்தான் போய்ப் படும். அந்த இளைஞரின் வண்டியில் தனியாகத் தெரிந்த புள்ளிகள் இப்படி வந்தவை. முன்னால் போன எந்த லாரியும் அதற்குக் காரணம் இல்லை. போர்ஷே 911 காரில் அந்த இடத்துக்கு ஆலையிலேயே ஃபிலிம் ஒட்டி அனுப்புகிறார்கள் என்பதைச் சொன்னபோதுதான் அவர் முகத்தில் நம்பிக்கை வந்தது. பம்பர், பானெட் முழுவதும், முன் ஃபெண்டர்கள் (முன்சக்கரங்களுக்கு மேலுள்ள பக்கத் தகடுகள்), பக்கக் கண்ணாடிகளின் முதுகு, கதவுக்குக் கீழுள்ள நீண்ட பட்டை, பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள பகுதி, ஹெட்லைட்: இவற்றை விட்டுவிட்டுக் கூரைக்கு ஃபிலிம் ஒட்டுவதில் பயன் இல்லை.

அப்படியானால் செராமிக் கோட்டிங் வீணா என்றால், இல்லை. அழுக்கு ஒட்டாமல் எளிதில் கழுவவும், வெயிலிலிருந்தும் பறவை எச்சத்தின் அரிப்பிலிருந்தும் ஓரளவு காக்கவும், நிறத்துக்கு ஆழம் கொடுக்கவும் அதைப் போன்று வேறொன்று இல்லை. குறிப்பாகச் சக்கரங்களுக்கு அவசியம் போடுங்கள். மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கிலிருந்து பறக்கும் சூடான இரும்புத் தூள் சக்கரத்தில் பதிந்து, பின் துருவாகிப் பழுப்புப் புள்ளிகளாக நிற்கும். கோட்டிங் இருந்தால் அது வெறும் ஷாம்புவில் போய்விடும். (இறங்கிய உடனே அடிவாரத்தில் நிறுத்திச் சூடான பிரேக் டிஸ்க்கில் குளிர்ந்த நீரை ஊற்றுகிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், டிஸ்க் கெட்டுவிடும்.) வரிசை மட்டும் மாறக் கூடாது: முதலில் ஃபிலிம், அதன் மேல் கோட்டிங். கோட்டிங்கின் மேல் ஃபிலிமின் பசை சரியாகப் பிடிக்காது. ஆகவே கோட்டிங்கை முதலில் போட்டவர்கள் அதைப் பாலிஷ் செய்து நீக்க வேண்டியிருக்கிறது. அப்போது கிளியர் கோட்டும் சிறிது போகிறது, போனது திரும்ப வராது.

சேலத்துக்கென்று ஒரு தனி எச்சரிக்கை உண்டு. நம் போர்வெல் தண்ணீரின் உப்பு அனைவருக்கும் தெரியும். குளியலறைக் குழாயில் வெள்ளையாகப் படிவது எதுவோ அதுதான் வண்டியிலும் படியும். கோட்டிங் போட்ட வண்டியில் நீர் முத்து முத்தாக நிற்பது அழகுதான், ஆனால் அந்த முத்துகள் வெயிலில் காய்ந்தால் ஒவ்வொன்றும் ஒரு வெள்ளை வட்டத்தை விட்டுச் செல்லும். எனவே நிழலில் கழுவுங்கள், கழுவிய உடனே சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் நீரை ஒற்றி எடுங்கள். ஒரே வாளி நீரில் பத்து வண்டிகளைத் துடைத்துவிட்டுப் போகிறவரிடமும், பெட்ரோல் பங்க் அருகே பிரஷ் போட்டுத் தேய்க்கும் இடத்திலும் இந்த வண்டியைக் கொடுக்காதீர்கள். காலையில் தூசி படிந்திருக்கும்போது உலர்ந்த துணியால் துடைப்பது, மணல் காகிதத்தால் தேய்ப்பதற்குச் சமம். காருக்கு டெஃப்லான் கோட்டிங் போடுவதாக யாராவது சொன்னால், நான்ஸ்டிக் தவாவில் டெஃப்லானைப் பிடிக்கவைக்க 300 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்குகிறார்கள் என்பதையும், உங்கள் காரை அப்படிச் சூடாக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஃபிலிம் ஒட்டும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியவை சில. ஃபிலிமை உங்கள் மாடலுக்குரிய அளவில் கணினி இயந்திரத்தில் வெட்டுகிறார்களா, அல்லது வண்டியின் மேலேயே வைத்துப் பிளேடால் வெட்டுகிறார்களா? பிளேடு பெயிண்ட்டில் விட்ட கோடு, ஃபிலிமை உரிக்கும் நாளில்தான் தெரியும். ஃபிலிம் ரோலின் எண் என்ன, வாரண்டியைத் தயாரிப்பாளரிடம் உங்கள் பெயரில் பதிவு செய்து தருவார்களா? அந்த வாரண்டி மஞ்சளிப்பதற்கும் வெடிப்பதற்கும் உரியது, கல்லடிக்கு அல்ல என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். வேலையைத் தொடங்கும் முன் பெயிண்ட்டின் தடிமனை அளந்து காட்டச் சொல்லுங்கள். புதிய வண்டியாயினும் லாரியில் ஏற்றி இறக்கும்போது உரசி, விற்பவரிடத்திலேயே மறு பெயிண்ட் அடித்திருப்பது உண்டு. ஒரு தகட்டில் மட்டும் அளவு இரு மடங்காக இருந்தால் அது மறு பெயிண்ட்தான், ஐயமே வேண்டாம். ஆலைப் பெயிண்ட் உயர் வெப்பத்தில் சுட்டது, அதன் மேல் உடனே ஃபிலிம் ஒட்டலாம். மறு பெயிண்ட் முழுமையாக இறுகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் ஒட்டினால் உரிக்கும்போது பெயிண்ட்டும் சேர்ந்து வரும். மேட் (பளபளப்பில்லாத) நிறம் வாங்கியவர்கள் பாலிஷ் என்ற சொல்லையே அருகில் விடாதீர்கள், மேட் ஃபிலிமையே கேளுங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. புதிய வண்டிக்குப் பூஜை போடுவது நம் வழக்கம், அதை நானும் செய்கிறேன். ஆனால் சந்தனமும் குங்குமமும் பானெட்டின் மேல் குழைத்து வைத்து, கம்பி வைத்துக் கட்டிய மாலையைக் குறுக்கே போட்டு, அப்படியே வெயிலில் வீடு வரை ஓட்டி வந்தால், மஞ்சள் கறையும் கம்பிக் கீறலும் அன்றே விழுந்துவிடும். பொட்டைக் கண்ணாடியில் வையுங்கள், மாலையை நாரில் கட்டச் சொல்லுங்கள். எலுமிச்சையைச் சக்கரத்தில் நசுக்கியபின் தெறித்த சாற்றை நீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். ஃபிலிம் ஒட்டிய வண்டியானால் முதல் ஒரு வாரம் கழுவவே வேண்டாம். பசை இறுகும் வரை உள்ளே சிறு நீர்க்குமிழிகள் தெரிவது இயல்பு, ஊசியால் குத்தாதீர்கள்.

அந்த இளைஞரின் வண்டியில் 17 இடங்களையும் சுத்தம் செய்து, அதே நிறத்தில் சொட்டுச் சொட்டாக நிரப்பி, முன்பகுதியின் கோட்டிங்கை மெல்ல நீக்கிய பிறகு ஃபிலிம் ஒட்டினோம். நிரப்பிய இடங்கள் கூர்ந்து பார்த்தால் தெரியும் என்பதை முன்பே சொல்லிவிட்டேன். வண்டியை எடுக்க வந்தபோது அவருடன் வந்த நண்பர், தானும் அடுத்த மாதம் ஒரு வண்டி எடுக்கப்போவதாகச் சொன்னார். ஷோரூமில் ஒரு துளி பாலிஷும் போடாமல், கழுவக்கூடச் செய்யாமல், வந்தபடியே கொடுக்கச் சொல்லி எழுதி வாங்குங்கள், முடிந்தால் லாரியில் ஏற்றி நேராகச் சேலத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள் தம்பி என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.