க்ரோனோஸ் 3 வருமா?

கீபோர்டு சர்வீஸுக்கு வருகிறவர்கள் பழுதைப் பற்றிக் கேட்டு முடித்ததும் தவறாமல் கேட்பது: "க்ரோனோஸுக்கு அடுத்தது எப்ப சார் வரும்? இதை இப்பவே வித்துடலாமா?"

க்ரோனோஸ் என்பது கோர்க் நிறுவனத்தின் வொர்க்ஸ்டேஷன், அதாவது ஒலி உருவாக்குவது முதல் பாடலைப் பதிவு செய்வது வரை ஒரே கருவியில் செய்யக்கூடிய கீபோர்டு. கோர்க் இதுவரை செய்ததைப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம். 2005-இல் ஒயாசிஸ் என்ற வொர்க்ஸ்டேஷன் வந்தது: லினக்ஸ், பென்டியம் 4, எட்டாத விலை. 2009-இல் நிறுத்திவிட்டார்கள். கதை முடிந்தது என்று பலரும் நினைத்திருக்க, 2011-இல் அதே அடித்தளம் இன்டெல் ஆட்டம் ப்ராசசரோடு க்ரோனோஸாகத் திரும்பியது, விலையும் வெகுவாக இறங்கி. 2020-இல் நாட்டிலஸ். ஒலி இன்ஜின்கள் (ஒலியை உருவாக்கும் மென்பொருள்கள்) க்ரோனோஸில் இருந்த அதே ஒன்பது, ஸ்லைடர்களைக் காணோம். கீயை அழுத்திய பிறகு இன்னும் அழுத்தி ஒலியை மாற்றும் ஆஃப்டர்டச்கூடப் பிறகு 'ஏடி' மாடலில்தான் வந்தது. ஆர்கன் வாசிப்பவர்களுக்கு ஸ்லைடர் இல்லாதது சின்ன விஷயமில்லை. க்ரோனோஸில் அந்த ஒன்பது ஸ்லைடர்கள்தான் ஆர்கன் ஒலிக்கான சிஎக்ஸ்-3 இன்ஜினின் டிராபார்கள், அதாவது ஆர்கன் ஒலியின் கலவையை மாற்ற இழுக்கும் பிடிகள். வலது கை வாசிக்க, இடது கையால் டிராபாரை இழுத்துப் பழகியவருக்குத் தொடுதிரை ஈடாகாது.

இன்னொரு தடயமும் உண்டு. கோர்க்கின் வேறு இரண்டு சின்தசைசர்களான வேவ்ஸ்டேட், மாட்வேவ் ஆகியவற்றுக்குள் இருப்பது ராஸ்பெர்ரி பை கம்ப்யூட் மாட்யூல், ஏஆர்எம் வகை ப்ராசசர் கொண்ட சின்னக் கணினி போர்டு. அடுத்த பெரிய வொர்க்ஸ்டேஷனும் இன்டெலை விட்டு ஏஆர்எம் பக்கம் போகும் என்பது என் கணிப்பு. இன்டெலுக்காக எழுதிய ஒன்பது இன்ஜின்களையும் அங்கே கொண்டுபோவது பெரிய வேலை. தாமதத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அது எப்போது வந்தாலும் சரி, கையில் இருக்கும் கருவியைக் கவனியுங்கள். க்ரோனோஸின் மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது ஒரு கணினி: மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன். கீகளும் பட்டன்களும் இருபது வருடம் தாங்கும். கணினிப் பாகங்களுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது, அதே மதர்போர்டு எப்போதும் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

பேக்கப் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பென்டிரைவில் பிசிஜி (பேட்ச் எனப்படும் ஒலி அமைப்புகளின் ஃபைல்), கேஎஸ்சி (சாம்பிள் எனப்படும் பதிவுசெய்த ஒலிகளுக்கான ஃபைல்) இரண்டும் இருக்கும். லோட் செய்தால் பேட்ச் பெயர்களெல்லாம் வரிசையாக வரும், சொந்த சாம்பிள் மட்டும் ஒலிக்காது. கேஎஸ்சி வெறும் பட்டியல். சாம்பிள்கள் அதே பெயருள்ள ஃபோல்டரில் இருக்கின்றன. ஃபோல்டரையும் சேர்த்து எடுத்தால்தான் அது பேக்கப். காசு கொடுத்து வாங்கிய ஒலித்தொகுப்புகளின் அனுமதி எண் அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணான பப்ளிக் ஐடிக்கு மட்டும்தான் செல்லும், அதையும் எங்காவது எழுதி வையுங்கள்.

மேடை வேலை இருக்கிறவர் வதந்தியை நம்பி விற்றுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர் அரை மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள்: ஃபேன் சத்தம் ஏறுகிறதா, திரையின் நான்கு மூலைகளிலும் தொடுதல் வேலை செய்கிறதா, ஆஃப்டர்டச் எல்லாக் கீகளிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று. மென்பொருளை மீண்டும் நிறுவ உதவும் ரீஸ்டோர் டிஸ்க்கையும் அனுமதி எண்களையும் விற்பவரிடம் அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.