வளர்கிற வயசு பையனுக்கு மட்டும்தானா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த சில நாட்களிலேயே எங்கள் ஆலோசனை மையத்தில் கூட்டம் சேர ஆரம்பித்துவிடும். கோபி, பெருந்துறை, காங்கயம், தாராபுரம் பக்கமிருந்து வரும் குடும்பங்கள். பையனை எதிரே உட்கார வைத்துவிட்டு அப்பாதான் பேசுவார். "ஒண்ணுமே பேச மாட்டேங்கறானுங்க. எந்நேரமும் போனுதான். ஏன்டான்னு கேட்டா ரூம்புக் கதவைச் சாத்திக்கறான்." அம்மா ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டுவார். அப்பாரு (பையனின் தாத்தா) வெளியே காரிலேயே இருப்பார். 'உங்களுக்கு எதுக்கு அலைச்சல்' என்று அங்கேயே உட்கார வைத்திருப்பார்கள்.

முடிந்தால் அவரையும் உள்ளே வரச் சொல்வேன். பிரச்சினை பையனுக்குத்தானே, கிழவர் எதற்கு என்று முகத்தில் கேள்வி தெரியும். (இங்கே எழுதுவது எந்த ஒரு குடும்பத்தின் கதையும் அல்ல. பல வீடுகளில் பார்த்ததைக் கலந்து, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன்.)

குழந்தை குப்புற விழுகிறது, நடக்கிறது, பள்ளிக்கூடம் போகிறது, மீசை முளைக்கிறது, அதோடு வளர்ச்சி முடிந்தது என்றுதான் நாம் நினைக்கிறோம். உளவியலும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது. ஃப்ராய்டு சொன்ன பருவங்கள் பருவமடைவதோடு நின்றுவிடும். சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே, பதினோரு பன்னிரண்டு வயதில் தொடங்குவதையே கடைசிக் கட்டமாக வைத்தார். உளப்பகுப்பாய்வாளர் எரிக் எரிக்சன்தான் 1950-ல் வெளியிட்ட நூலில் கணக்கை முதுமை வரை நீட்டினார். மொத்தம் எட்டுப் பருவம். ஒவ்வொன்றிலும் மனிதன் எதிர்கொள்ள வேண்டிய ஒரு இழுபறி உண்டு. கைக்குழந்தைக்கு இந்த உலகத்தை நம்பலாமா என்பது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தன்னால் ஒரு காரியத்தை உருப்படியாகச் செய்ய முடியுமா என்பது.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பையனைத் திட்டும் அப்பாக்களிடம் நான் தவறாமல் சொல்வது. 1902-ல் ஜெர்மனியில் பிறந்த எரிக்சன் கல்லூரிப் பட்டமே வாங்காதவர். இளவயதில் படம் வரைந்துகொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். இருபத்தைந்து வயது ஆகும்போதுதான் வியன்னாவில் ஒரு சிறு பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. பிற்காலத்தில் ஹார்வர்டில் பேராசிரியர் ஆனார். எல்லாப் பையனும் அப்படி ஆவான் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. பதினேழு வயதில் முடிவு செய்யாதவன் உருப்படாதவன் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது.

பதினேழு வயதின் இழுபறி 'நான் யார்' என்பது. இதை உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா 1966-ல் இன்னும் கூர்மையாக்கினார். கல்லூரி மாணவர்களிடம் வேலை, மதம், அரசியல் பற்றிப் பேசி இரண்டு விஷயத்தைக் கவனித்தார்: தானாக யோசித்துத் தேடிப் பார்த்தானா, ஏதாவது ஒன்றில் பிடிப்போடு நிற்கிறானா. தேடிக் கண்டடைந்தவர்கள் உண்டு. தேடிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. தேடலும் பிடிப்பும் இரண்டுமே இல்லாதவர்கள் உண்டு. நான்காவது வகைதான் நம் ஊரில் என்னைக் கவலைப்படுத்துகிறது. தேடாமலே, அடுத்தவர் கொடுத்த முடிவை வாங்கிப் போட்டுக்கொண்டவர்கள்.

ஆறாம் வகுப்பிலேயே "எம்புள்ளை டாக்டருங்க" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். ஒன்பதாவதில் நாமக்கல் பக்கம் ஹாஸ்டல். விடிவதற்கு முன் எழுந்து படிப்பு, ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட், மாதம் ஒரு தடவை பெற்றோர் டிஃபன் கேரியரோடு வந்து மரத்தடியில் ஊட்டிவிட்டுப் போவார்கள். இந்தப் பிள்ளைகள் பார்க்கத் தெளிவாக இருப்பார்கள். எதிர்த்துப் பேச மாட்டார்கள், அப்பா அம்மாவோடு ஒட்டுதலாகவும் இருப்பார்கள். ஆனால் இவர்களுடைய தன்மதிப்பு, குறை சொல்லும் ஒரு வார்த்தையில் சட்டென்று ஆட்டம் கண்டுவிடுகிறது என்று மார்சியா அப்போதே கண்டிருந்தார். நீட்டில் இரண்டாவது தடவையும் மார்க் வராதபோது அது கண்முன்னால் நடக்கும். "வேற என்ன பிடிக்கும் கண்ணு?" என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தார். நீட் இல்லாத தன்னைப் பற்றி அந்தப் பிள்ளை அதுவரை யோசித்ததே இல்லை.

சரி, அப்பாவுக்கு வருவோம்.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. பத்துத் தறியில் கூலிக்கு ஓட்ட ஆரம்பித்து இன்று சொந்தமாக விசைத்தறி வைத்திருக்கிறார், அல்லது பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை, அல்லது திருப்பூரில் பனியன் கம்பெனி. "யாருக்குங்க இத்தனையும்?" என்று கேட்கும்போது குரல் உடையும். அதைப் பணத்தாசை என்று ஒதுக்கிவிட முடியாது. நடுவயதின் இழுபறியே அதுதான் என்கிறார் எரிக்சன்: அடுத்த தலைமுறைக்கு எதையாவது ஆக்கிக் கொடுக்கும் உந்துதல் ஒரு பக்கம், எல்லாம் என்னோடு நின்றுபோகுமோ என்ற தேக்கம் இன்னொரு பக்கம். பையன் கதவைச் சாத்தும்போது அப்பாவுக்கு அவருடைய முப்பது வருஷ உழைப்பின் மீதே சாத்துவதுபோல இருக்கிறது. ஒரே பிள்ளையோடு நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. மொத்தப் பாரமும் அந்த ஒரு தலையில்தான் இறங்கும். ஆக்கிக் கொடுப்பது என்று எரிக்சன் சொன்னது சொந்தப் பிள்ளைக்கு மட்டுமல்ல. தொழில் பழக வந்த பையனுக்குக் கற்றுக்கொடுப்பதும், படித்த பள்ளிக்கு ஏதாவது செய்வதும் அதில் சேரும். இதைக் கேட்டபின் சில அப்பாக்களின் பிடி கொஞ்சம் தளர்வதைப் பார்த்திருக்கிறேன். சிலர் "அதெல்லாம் சரிங்க, பையனுக்கு எப்ப சரியாகும்?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

அம்மாவைப் பற்றிக் கோட்பாடு கொஞ்சம் மௌனமாகவே இருக்கிறது. எரிக்சனின் பருவங்கள் ஆணின் வாழ்க்கையை அளவுகோலாக வைத்தவை என்று உளவியலாளர் கேரல் கில்லிகன் 1982-ல் எடுத்துச் சொன்னார். நியாயமான விமர்சனம். படிப்பு முடித்த கையோடு கல்யாணம், பிறகு பிள்ளையின் ரிப்போர்ட் கார்டே தன் ரிப்போர்ட் கார்டு என்று இருபது வருஷம் ஓடிய பெண்ணுக்கு, பிள்ளை ஹாஸ்டல் போன வாரத்தில்தான் 'நான் யார்' கேள்வி வருகிறது. மகனும் அம்மாவும் ஒரே கேள்வியோடு ஒரே குடும்பத்தில் இருக்கிறார்கள். மகனைக் கூட்டிவருகிறார்கள். அம்மாவுக்குத் தைராய்டு டெஸ்ட் எடுக்கிறார்கள். டெஸ்ட் எடுப்பது தப்பில்லை. அதோடு விட்டுவிடுவதுதான் தப்பு.

அப்பாரு உள்ளே வந்து உட்கார்ந்தால் பேசுவது கவலை ஏற்றம் பற்றி, அதாவது மாடு கட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பது. கரண்ட் மோட்டார் வருவதற்கு முந்தைய காலம். மாடு சரிவில் இறங்க இறங்க வடக்கயிறு இழுபட்டுச் சால் மேலே வரும், வாய்க்காலில் தண்ணீர் கொட்டும், திரும்ப மாட்டைப் பின்னாலேயே ஏற்ற வேண்டும். "சொன்னதையே சொல்லுவாருங்க" என்று மருமகள் சலித்துக்கொள்வார். முதியவர்கள் இப்படிப் பழசைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது இயல்பான மனவேலை என்று மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-லேயே எழுதினார். வாழ்ந்த வாழ்க்கையைக் கணக்குப் பார்த்து, பரவாயில்லை, சரியாகத்தான் வாழ்ந்திருக்கிறோம் என்று ஒப்புக்கொள்வது எரிக்சனின் எட்டாம் பருவம். ஒப்ப முடியாதபோது வருவது விரக்தி. தோட்டத்து வீட்டில் எழுபது வருஷம் இருந்தவரைக் கோவையில் மூன்றாம் மாடிக்குக் கூட்டிவந்து, "சாப்பிட்டுட்டு சும்மா இருங்க" என்றால் விரக்திதான் வரும்.

இதற்கு உளவியலாளர் பால் பால்டஸ் சொன்ன வழி எனக்குப் பிடித்தது. முதுமையில் எல்லாவற்றையும் செய்ய முடியாது. சிலதை மட்டும் தேர்ந்துகொள், அதை மெருகேற்று, குறைவதை வேறு விதத்தில் ஈடுகட்டு. அவர் காட்டிய உதாரணம் பியானோ கலைஞர் ரூபின்ஸ்டைன். வயதான பிறகு குறைவான பாடல்களையே வாசித்தார், அவற்றை அதிகம் பழகினார், வேகமான இடத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். அப்போது அடுத்து வருவது வேகமாகத் தெரியும். அப்பாருக்கும் அப்படி ஒன்றே ஒன்றை முழுசாக விட்டுவிடுங்கள். ஒரு மாடோ, மொட்டைமாடிச் செடியோ, பேத்தியைப் பஸ் ஏற்றிவிடுவதோ. கொடுத்தபின் குறுக்கே போய்த் திருத்தாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பருவங்கள் காலண்டர் அல்ல. முப்பதில் தொழில் மாறுபவர்களுக்கு 'நான் யார்' மறுபடியும் வரும். இதை வைத்து யாருக்கும் முத்திரை குத்தவும் கூடாது, "வயசுக் கோளாறு, தானா சரியாகும்" என்று நோயை மூடி மறைக்கவும் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு விடாமல் இருந்தால், தூக்கமும் சாப்பாடும் கெட்டால், எதிலும் நாட்டம் போனால், மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். பெரியவருக்குப் பழசு நன்றாக நினைவிருந்து காலையில் நடந்தது மறந்துகொண்டே போனால் அதையும் மருத்துவர் பார்க்க வேண்டும். சாவைப் பற்றிய பேச்சை, பதினேழு வயதுக்காரர் சொன்னாலும் எழுபது வயதுக்காரர் சொன்னாலும், விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியாக விடாமல் உடனே உதவி தேடுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416. நாள் முழுக்க இயங்கும் இலவச எண், தமிழிலேயே பேசலாம். பெரியவர்களுக்கென்று தனியாக இருக்கும் உதவி எண் 14567.