ஆஃப்செட்: சக்கரம் எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது?

காரின் சக்கரம் ஒன்றைக் கழற்றி, முதுகுப் பக்கம் மேலே தெரியும்படி கவிழ்த்துப் போடுங்கள். ஆரக்கால்களின் பின்புறம் பிரேக் தூசி அப்பிக் கறுத்துக் கிடக்கும். ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தால் வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் எழுத்துகள் தெரியும்: 7ஜே × 16, 5 × 114.3, ஈடி 45. முதலாவது ரிம்மின் அகலமும் விட்டமும், அங்குலத்தில். ஜே என்பது அளவே அல்ல, டயரின் ஓரம் உட்காரும் விளிம்பின் வடிவத்துக்கு வைத்த எழுத்து. இரண்டாவது, ஐந்து போல்ட்டுகள் 114.3 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் நிற்கின்றன என்கிறது. கடைசியாக உள்ள ஈடி 45 தான் ஆஃப்செட். இந்த எண்ணைத்தான் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். நானும் அப்படித்தான் புரிந்துகொண்டேன், காசு செலவழித்துத்தான் தெளிந்தேன்.

பொருளை முதலில் பார்ப்போம். ரிம்மை அகலவாக்கில் சரிபாதியாக வெட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வெட்டுதான் நடுக்கோடு. சக்கரம் காரின் ஹப்போடு, அதாவது சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் நடுப்பாகத்தோடு, போய் ஒட்டும் தட்டையான பரப்பு ஒன்று இருக்கிறது, அதைப் பொருந்துமுகம் என்று வைத்துக்கொள்வோம். நடுக்கோட்டுக்கும் பொருந்துமுகத்துக்கும் உள்ள தூரம் ஆஃப்செட், மில்லிமீட்டரில். பொருந்துமுகம் நடுக்கோட்டைத் தாண்டித் தெருவின் பக்கம் இருந்தால் எண் நேர்குறி, வண்டியின் பக்கம் இருந்தால் எதிர்க்குறி, நடுக்கோட்டிலேயே இருந்தால் பூஜ்யம்.

இங்கேதான் சறுக்கல். பொருந்துமுகம் வெளியே போகப் போக, சக்கரத்தின் உடம்பு வண்டிக்குள்ளே போகும். ஹப் நகராது அல்லவா? ஆக, ஆஃப்செட் எண் கூடினால் சக்கரம் உள்ளே, குறைந்தால் வெளியே. ஆஃப்செட் என்ற சொல்லைக் கேட்கும்போது மனத்தில் வருவதோ இதற்கு நேர் எதிரான படம்: தள்ளி நிற்பது, அதிகமானால் அதிகமாகத் தள்ளி நிற்பது.

குற்றம் சொல்லின் மேல்தான். ஆஃப் என்றால் விலகி, செட் என்றால் வைத்தல். விலக்கி வைத்தது என்பதற்கு மேல் ஆங்கிலச் சொல் எதையும் சொல்லவில்லை. எதிலிருந்து, எந்தப் பக்கம் என்பதை அவரவர் தொழிலுக்கு விட்டுவிடுகிறது. அதனால்தான் இந்தச் சொல் எல்லா வீட்டிலும் நுழைந்திருக்கிறது. தாய்ச்செடியின் அடியிலிருந்து பக்கவாட்டில் ஓடி முளைக்கும் குட்டிச் செடி ஆஃப்செட். ஆகாயத்தாமரை குளத்தை மூடுவது அப்படித்தான். சுவரின் பருமன் மேலே போகையில் குறையும் இடத்தில் உண்டாகும் படி ஆஃப்செட். நில அளவையில் முதன்மைக் கோட்டிலிருந்து செங்குத்தாகப் பக்கத்தில் அளக்கும் தூரம் ஆஃப்செட். கணக்கில் ஒரு தொகைக்கு எதிராக இன்னொன்றை வைத்து நேர்செய்வதும் அதுவே.

அப்புறம் அச்சகம். தமிழர் காதில் ஆஃப்செட் முதலில் விழுந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன். தகட்டில் உள்ள உருவம் நேரே தாளுக்குப் போகாமல், ரப்பர் போர்வைக்கு மாறி, அங்கிருந்து தாளில் இறங்குகிறது. தகரத்தில் அச்சிட இங்கிலாந்தில் ராபர்ட் பார்க்லே 1875இல் இம்முறையைக் கொண்டுவந்தார், தாளுக்கு அமெரிக்காவில் ஐரா ரூபல் 1904 வாக்கில். இதற்குத் தமிழில் மறுதோன்றி அச்சு என்று அழகாகப் பெயர் வைத்துவிட்டார்கள். மறுபடி தோன்றுகிறது, மறுதோன்றி. யாரோ பொறியை உற்றுப் பார்த்துவிட்டுச் சொல்லைச் செய்திருக்கிறார். ஆங்கிலச் சொல்லைப் பெயர்க்கவில்லை, நடப்பதைப் பெயர்த்திருக்கிறார். சக்கரத்துக்கும் அதே வழியில்தான் போகவேண்டும்.

சக்கரக்காரர்களில் ஜெர்மானியர்கள் அதைச் செய்திருக்கிறார்கள். ரிம்மில் உள்ள ஈடி ஆங்கிலச் சுருக்கம் அல்ல. ஐன்பிரெஸ்டீஃபெ என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம். ஐன்பிரெஸ் என்றால் உள்ளே அழுத்துதல், டீஃபெ என்றால் ஆழம். இரும்புச் சக்கரத்தில் வெளிவளையம் தனி, நடுத்தட்டு தனி. தட்டை வளையத்துக்குள் அழுத்திப் பொருத்திப் பற்றவைப்பார்கள். எவ்வளவு ஆழம் அழுத்தினார்கள் என்பதுதான் அந்த எண். பட்டறையிலிருந்து பிறந்த சொல், அதனால் குழப்பம் குறைவு. ஆங்கிலத்திலும் தரநிலை எழுதுகிறவர்கள் நேர்குறிக்கு இன்செட், எதிர்க்குறிக்கு அவுட்செட் என்று பிரித்து எழுதுவதுண்டு. வாயில் நிலைத்ததென்னவோ ஆஃப்செட்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? விலக்கம் என்று எழுதலாம், ஆனால் திட்ட விலக்கம் என்று புள்ளியியலில் அது குடியேறிவிட்டது. மையவிலக்கம் என்றால் உடனே மையவிலக்கு விசை வந்து நிற்கும், அதுவும் சுற்றுகிற சாமானைப் பற்றிப் பேசும்போது. தள்ளல் என்றால் யாரோ தள்ளுகிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் அந்தப் பழைய நோயும் உண்டு: எந்தப் பக்கம் என்று சொல்வதில்லை.

பேச்சில் நாம் ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். வீடு தெருவை விட்டுக் கொஞ்சம் உள்வாங்கி இருக்கிறது என்போம். கடல் உள்வாங்கியது என்போம். சக்கரம் மட்கார்டுக்குள் பதுங்கி நின்றால், வீல் உள்வாங்கியிருக்கு என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே வரும். என் தேர்வு அதுதான்: உள்வாங்கல். ஈடி 45 என்றால் 45 மி.மீ. உள்வாங்கல். எண் கூடினால் உள்வாங்கல் கூடுகிறது, அவ்வளவுதான், சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம். எதிர்க்குறிக்கு வெளித்தள்ளல். பூஜ்யத்துக்குத் தனிப்பெயர் தேவையில்லை.

கூடவே இன்னொரு சொல்லையும் மீட்கலாம். ஹப் என்பதற்கு நம்மிடம் குடம் இருக்கிறது. மாட்டுவண்டிச் சக்கரத்தில் நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால், அதைச் சுற்றி வட்டை. சங்கப் பாடல்களில் தேரின் குடத்துக்குக் குறடு என்று பெயர். உள்வாங்கலுக்கு மட்டும் பழைய சொல் கிடையாது, காரணம் எளிது. ஆரக்கால் வட்டையின் நடுவில் நின்ற சக்கரத்தில் அந்தக் கேள்வியே எழவில்லை. பிரேக்கும் சஸ்பென்ஷனும் சக்கரத்தின் வயிற்றுக்குள் குடிவந்த பிறகுதான், அவற்றுக்கு இடம் விட்டுப் பொருந்துமுகம் வெளிப்பக்கம் ஒதுங்கியது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு லாரி போதும். முன்சக்கரத்தின் நடு வெளியே புடைத்துக்கொண்டிருக்கும். பின்னால் இரட்டைச் சக்கரத்தில் வெளிப்புறத்ததைப் பாருங்கள், கிண்ணம் மாதிரி உள்ளே குழிந்திருக்கும். வெவ்வேறு ரிம் என்று நினைப்போம். ஒரே ரிம்தான், திருப்பி மாட்டியிருக்கிறார்கள். முன்னால் உள்வாங்கல், பின்னால் வெளித்தள்ளல். ஒரே ஸ்டெப்னி எல்லா இடத்துக்கும் பொருந்துவது இதனால்தான்.

இப்போது என் கதை. வண்டியோடு வந்தது 6 அங்குல ரிம், ஈடி 45. சக்கரம் மட்கார்டுக்கு நேராக வெளியே வந்து நிற்கவேண்டும் என்று ஆசை. 7 அங்குலம், ஈடி 52 என்று ஒரு ஜோடி அலாய் கிடைத்தது. ஆஃப்செட் 7 மி.மீ. அதிகம், அகலமும் அதிகம், இரண்டும் சேர்ந்து நன்றாக வெளியே வரும் என்று கணக்குப் போட்டேன். மாட்டி ஸ்டியரிங்கைத் திருப்பினால் உட்பக்கம் டயர் ஸ்டரட்டில், அதாவது சக்கரத்துக்கு உட்புறம் நிற்கும் சஸ்பென்ஷன் தூணில், உரசுகிறது. வெளியிலோ பார்க்க வித்தியாசமே இல்லை.

அன்று இரவு ஒழுங்காகக் கணக்குப் போட்டேன். ரிம் அகலத்தில் பாதியோடு உள்வாங்கலைக் கூட்டினால், பொருந்துமுகத்திலிருந்து உள்விளிம்பு எவ்வளவு தூரம் என்று வரும். பாதியிலிருந்து கழித்தால் வெளிவிளிம்பு. பழைய சக்கரத்துக்குப் பாதி அகலம் 76.2 மி.மீ., ஆக உள்ளே 121.2, வெளியே 31.2. புதியதற்குப் பாதி 88.9, ஆக உள்ளே 140.9, வெளியே 36.9. அதாவது ஸ்டரட்டை நோக்கி 19.7 மி.மீ. போய்விட்டது, நான் ஆசைப்பட்ட பக்கம் 5.7 மட்டும். உள்வாங்கல் என்ற சொல் அன்று தலையில் இருந்திருந்தால் 52 என்ற எண்ணைப் பார்த்ததுமே விலகி வந்திருப்பேன்.

அகலத்தை மட்டும் கூட்டி ஈடியை அப்படியே விட்டால், ஒவ்வோர் அங்குலத்துக்கும் இரண்டு பக்கமும் 12.7 மி.மீ. போகும். உள்ளே அவ்வளவு இடம் இருக்கிறதா என்று தெரியாவிட்டால் அகலம் கூடுவதில் ஏறக்குறைய பாதி அளவுக்கு ஈடியைக் குறைத்துத் தேடவேண்டும். 6.5 அங்குலம், ஈடி 45 இருந்த இடத்தில் 7.5 அங்குலம், ஈடி 35 போட்டால் உள்ளே 2.7 மி.மீ. தான் கூடுகிறது, ஆனால் வெளியே 22.7 போய்விடும். இன்னொன்று, இதெல்லாம் ரிம்முக்கு மட்டும் போட்ட கணக்கு. டயரின் பக்கம் ரிம்மைத் தாண்டிப் புடைக்கும், அகல ரிம்மில் டயரும் விரியும்: அரை அங்குலத்துக்குச் சுமார் 5 மி.மீ. வண்டியில் ஆள் ஏறி, ஸ்டியரிங் முழுக்கத் திரும்பி, சக்கரம் பள்ளத்தில் மேலேறும் நேரத்தில்தான் இடம் போதுமா என்பது தெரியும். சும்மா நிற்கிற வண்டியில் விரலை விட்டுப் பார்ப்பது பாதிப் பரீட்சை.

எழுத்து அழிந்த ரிம் கையில் கிடைத்தால் அளந்துகொள்ளலாம். கவிழ்த்துப் போட்ட ரிம்மின் முதுகில், விளிம்போடு விளிம்பாக நேரான சட்டம் ஒன்றை வையுங்கள். சட்டத்திலிருந்து பொருந்துமுகம் வரை ஆழத்தை அளங்கள். அதிலிருந்து ரிம்மின் மொத்த அகலத்தில் பாதியைக் கழித்தால் உள்வாங்கல். ஆழம் 146.5, மொத்த அகலம் 203 என்றால் 146.5 கழித்தல் 101.5, விடை 45. மொத்த அகலம் என்பது வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு. அது எழுதியிருக்கும் அகலத்தை விட ஏறக்குறைய ஓர் அங்குலம் கூடுதலாக வரும், பயப்பட வேண்டாம்.

ஸ்பேசருக்கு வருவோம். குடத்துக்கும் சக்கரத்துக்கும் இடையில் செருகும் வட்டத் தட்டு, எனவே இடைத்தட்டு. 10 மி.மீ. இடைத்தட்டு போட்டால் உள்வாங்கல் 10 குறையும். என் 52 நடைமுறையில் 42 ஆனது. உரசல் நின்றது. நட்டை முடுக்கும்போது கையால் சுற்றி எண்ணினேன், ஐந்தே சுற்றில் இறுகிவிட்டது. மரை 1.5 மி.மீ. இடைவெளி கொண்டது, ஆக 7.5 மி.மீ. பிடிப்பில் ஒரு சக்கரம். போல்ட்டின் பருமன் எவ்வளவோ அவ்வளவு நீளமாவது மரை கவ்வவேண்டும் என்பது பொதுக் கணக்கு. 12 மி.மீ. போல்ட்டுக்கு எட்டுச் சுற்று. வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நீளமான ஸ்டட், அதாவது குடத்தில் பதித்து நட்டு மாட்டும் போல்ட், வாங்கினேன்.

இடைத்தட்டு இன்னொரு திருட்டும் செய்யும். குடத்தின் நடுவில் சிறிய விளிம்பு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சக்கரத்தின் நடு ஓட்டை அதில் உட்கார்ந்துதான் மையம் பிடிக்கிறது. தடித்த இடைத்தட்டு அந்த விளிம்பை விழுங்கிவிட்டால் சக்கரம் போல்ட்டை நம்பி மட்டும் நிற்கும், கொஞ்சம் வேகமெடுத்ததும் ஸ்டியரிங் நடுங்கும். தனக்கென்று விளிம்புள்ள இடைத்தட்டாகப் பார்த்து வாங்கவேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போட்ட பிறகு நூறு கிலோமீட்டருக்குள் நட்டை மறுபடி டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்துப் பார்க்கவும்.

உள்வாங்கலைக் குறைத்துக்கொண்டே போனால் வேறு செலவும் உண்டு. சக்கரம் வெளியே போகப் போக பேரிங்கின் மேல் நெம்புகோல் நீளுகிறது. ஸ்டியரிங் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் இடையிலுள்ள தூரம் மாறுகிறது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டியரிங் கையை வெட்டுவது அதனால்தான். டயர் மட்கார்டைத் தாண்டி நீட்டக்கூடாது என்று பல நாடுகளில் விதியே இருக்கிறது.

என் பழைய 52 இப்போது வேறொரு வண்டியில் இடைத்தட்டு இல்லாமல் ஓடுகிறது. அதன் சொந்த ரிம் ஈடி 50, அகலமும் அதே 7. வாங்கியவர், ரெண்டு நம்பர் வித்தியாசம், வெளியே தெரியுமா என்று கேட்டார். இரண்டு மில்லிமீட்டர் உள்வாங்கும் என்றேன். ஓ, உள்ளேயா, என்றார்.