அடித்தண்ணீர் மேலே வராத ஏரி

நியூயார்க் மாநிலத்தில், சிரக்யூஸ் நகருக்குக் கிழக்கே ஃபேயட்வில் ஊரை ஒட்டி கிரீன் லேக்ஸ் மாநிலப் பூங்கா இருக்கிறது. உள்ளே கிரீன் லேக், ரவுண்ட் லேக் என்று இரண்டு ஏரிகள். ஜூன் மாதத்தில் போனால் பச்சையும் நீலமும் கலந்த அந்த நிறத்தைப் பார்த்து, தண்ணீரில் யாரோ சாயம் கரைத்துவிட்டார்களோ என்றே தோன்றும். அந்த நிறத்துக்குப் பின்னால் இன்னொரு விசேஷம் இருக்கிறது: இந்த ஏரிகளின் அடித்தண்ணீர் மேலே வந்து கலப்பதே இல்லை. நிறம், கலக்காமை இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான். சுற்றியுள்ள பாறைகளிலிருந்து கரைந்து வரும் தாதுக்கள்.

குளிர் நாடுகளில் பெரும்பாலான ஆழமான ஏரிகள் வருடத்துக்கு இரண்டு முறை அடியோடு புரளும். தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகவும் கனமாக இருக்கும். கோடையில் மேலே 20 டிகிரி, அடியில் 5 அல்லது 6 டிகிரி என்று இருக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் லேசாக மிதந்துகொண்டிருக்கும். இலையுதிர் காலத்தில் மேல்தண்ணீர் குளிர்ந்து, மேலும் கீழும் ஒரே வெப்பநிலைக்கு வந்ததும், காற்று அடித்தால் போதும், ஏரி முழுவதும் கலங்கிக் கலந்துவிடும். வசந்தத்தில் பனிக்கட்டி உருகிய பிறகு மறுபடியும் இது நடக்கும். மேலிருந்து ஆக்ஸிஜன் அடிக்குப் போவதும், அடியில் தேங்கிய சத்துகள் மேலே வருவதும் இந்தப் புரளலால்தான்.

கிரீன் லேக்கில் புரளல் பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஏன் என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த ஏரியின் அடித்தண்ணீர் ஏறத்தாழ 7 டிகிரியில் இருக்கிறது. மேல்தண்ணீர் 4 டிகிரிக்குக் குளிரும்போது, லிட்டருக்கு சுமார் 0.07 கிராம்தான் அடித்தண்ணீரைவிடக் கனமாகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 0.1 கிராம் உப்பு கூடுதலாகக் கரைந்திருந்தாலே அந்த வித்தியாசம் ஈடாகிவிடும். இங்கே அடித்தண்ணீரில் கூடுதலாக இருப்பது அதைப்போலப் பல மடங்கு. நிலத்தடி நீர் ஜிப்சம் கலந்த பாறை அடுக்குகள் வழியாக வரும்போது கால்சியத்தையும் சல்ஃபேட்டையும் கரைத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்குகிறது. எவ்வளவு கடுமையான குளிர்காலம் வந்தாலும், கனத்தில் அடித்தண்ணீரை மேல்தண்ணீர் மிஞ்ச முடியாது.

பள்ளத்தின் வடிவமும் துணை நிற்கிறது. பனி யுகத்தின் முடிவில், உருகிய பனிநீர் பேரருவியாக விழுந்து குடைந்த பள்ளங்கள் இவை. இரண்டுமே 50 மீட்டருக்கு மேல் ஆழம். ஆனால் மேற்பரப்பு சிறியது. சுற்றிலும் செங்குத்தான, மரமடர்ந்த கரை. காற்றுக்கு ஓடிப் பிடித்து அலை எழுப்ப இடமே கிடையாது. இப்படிப் பாதி மட்டும் கலக்கும் ஏரிகளை மெரோமிக்டிக் ஏரிகள் என்கிறார்கள்.

சுமார் 20 மீட்டர் ஆழத்தில் இரண்டு தண்ணீருக்கும் நடுவே எல்லை இருக்கிறது. அதற்கு மேலே ஆக்ஸிஜன், மீன்கள், வழக்கமான ஏரி வாழ்க்கை. கீழே ஆக்ஸிஜனே இல்லை. சல்ஃபேட்டைப் பயன்படுத்திச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. எல்லையிலேயே குடியிருப்பவை ஊதா கந்தக பாக்டீரியாக்கள். மேலிருந்து கசிந்து வரும் கொஞ்சம் வெளிச்சமும் கீழிருந்து வரும் சல்ஃபைடும் சேரும் அந்த மெல்லிய அடுக்கில் மட்டும்தான் அவற்றுக்குப் பிழைப்பு. அந்த ஆழத்திலிருந்து ஒரு குப்பித் தண்ணீர் எடுத்தால், இளஞ்சிவப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு வரும். சுமார் 180 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் கடல்களில் பல பகுதிகள் மேலே ஆக்ஸிஜனும் அடியில் சல்ஃபைடுமாக இருந்திருக்கலாம் என்ற கருத்து உண்டு. அதைச் சோதித்துப் பார்க்க விஞ்ஞானிகள் இந்தச் சின்ன ஏரிக்கு வருகிறார்கள்.

கேமரூனில் 1986-இல் நியோஸ் ஏரியிலிருந்து பீறிட்ட வாயு சுமார் 1,700 பேரைக் கொன்றதைப் படித்தவர்களுக்கு இங்கே பயம் வரலாம். அதுவும் கலக்காத ஏரிதான். ஆனால் அதன் அடியில் எரிமலையிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடு ஓயாமல் சேர்ந்துகொண்டிருந்தது. கிரீன் லேக்கின் அடியில் எரிமலை கிடையாது.

இனி நிறம். மே கடைசியிலும் ஜூனிலும் தண்ணீர் சூடாகி வெயில் ஏறும்போது, சினெக்கோகாக்கஸ் என்ற மிக நுண்ணிய சயனோபாக்டீரியா பெருகுகிறது. ஒளிச்சேர்க்கைக்காக அது தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ள, அங்கே காரத்தன்மை கூடுகிறது. ஏற்கெனவே கால்சியம் நிறைந்த தண்ணீர். இனிமேல் கரைத்து வைத்திருக்க முடியாமல் அதைக் கால்சைட் என்ற சுண்ணாம்புப் படிகமாக, அந்த பாக்டீரியாவின் மேலேயே விட்டுவிடுகிறது. ஏரி முழுக்கப் பால் கலந்ததுபோல் வெளுக்கும். தண்ணீர் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும்; மிச்சமுள்ள நீலத்தையும் பச்சையையும் இந்தத் துகள்கள் நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும். அடிக்குப் போகும்போது படிகங்கள் பாஸ்பரஸையும் ஒட்டிக்கொண்டு போகின்றன. அடித்தண்ணீர் மேலே வராததால், போன சத்து திரும்புவதில்லை. அதனால்தான் பாசி பிடித்துக் குழம்பாமல் மேல்தண்ணீர் இவ்வளவு தெளிவாக இருக்கிறது.

ஏரியடியில் ஆக்ஸிஜன் இல்லாததால் சேற்றைக் கிளறும் புழுக்களும் இல்லை. வெயில் காலத்து வெள்ளைப் படிவும் குளிர் காலத்துக் கறுப்புப் படிவும் வருடா வருடம் கோடு கோடாக அப்படியே நிற்கின்றன.

நிறத்தையும் சுண்ணாம்புப் படிவையும் கரையில் நின்றே பார்க்க முடியும். கிரீன் லேக்கைச் சுற்றும் பாதை சமதளம், சுமார் 3 கிலோமீட்டர். ரவுண்ட் லேக்கையும் சேர்த்தால் சுமார் 5 கிலோமீட்டர். வெயில் உச்சியில் இருக்கும் நேரம் நல்லது. மிகவும் சாய்வாக விழும் வெயிலில் கூடுதலான பங்கு மேற்பரப்பிலேயே பட்டுத் தெறித்துவிடும். போலராய்டு கண்ணாடி அவசியம் கொண்டுபோங்கள். நம் பார்வை நீர்ப்பரப்போடு சுமார் 37 டிகிரி கோணத்தில் இருக்கும் இடத்தில் அது தெறிப்பொளியை ஏறக்குறைய முழுவதும் வெட்டும். கண் மட்டம் தண்ணீருக்கு 2 மீட்டர் உயரத்தில் இருந்தால், சுமார் இரண்டேமுக்கால் மீட்டர் தள்ளிப் பார்க்க வேண்டும். அதற்கு அப்பால் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்பவர்கள்தான் அதிகம்.

விழுந்து கிடக்கும் மரங்களைக் கவனியுங்கள். நீருக்குள் இருக்கும் கிளைகளில் சாம்பல் வெள்ளை நிறத்தில் சொரசொரப்பான சுண்ணாம்புப் பூச்சு ஏறியிருக்கும். டெட்மேன்ஸ் பாயிண்ட் என்ற இடத்தில் இதே படிவு பெரும் பாறைத்திட்டாக வளர்ந்திருக்கிறது. த்ராம்போலைட் எனப்படும் இந்தத் திட்டு, நுண்ணுயிர்கள் கால்சைட்டைச் சேர்த்துச் சேர்த்துக் கட்டியது. பார்க்கப் பாறை, உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்கும். ஆள் ஏறி நின்றால் விளிம்பு நொறுங்கும். வளர்வதோ மிக மெதுவாக. தயவுசெய்து புகைப்படத்துக்காக அதில் கால் வைக்காதீர்கள்.

நீச்சல் அதற்கென ஒதுக்கிய கடற்கரை போன்ற பகுதியில் மட்டும். மற்ற இடங்களில் கரையோரத்து ஆழமில்லாத வெளிர் நிறத் திட்டு சில அடி தூரத்திலேயே முடிந்து, தண்ணீர் திடீரென்று கரும்பச்சையாகும். அந்தக் கோட்டைத் தாண்டினால் செங்குத்து ஆழம். குழந்தைகளோடு போகிறவர்கள் அந்த நிற மாற்றத்தை அவர்களுக்கும் காட்டிவைப்பது நல்லது.

அடுக்கு நிற்கும் விதத்தை வீட்டிலும் செய்து பார்க்கலாம். 250 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பையும் இரண்டு சொட்டு மையையும் கரைத்து, உயரமான கண்ணாடி டம்ளரில் பாதிவரை ஊற்றுங்கள். ஃபிரிட்ஜில் வைத்த சாதாரணத் தண்ணீரை, கரண்டியைக் கவிழ்த்து அதன் முதுகின் மேல் மெல்ல வழியவிடுங்கள். குளிர்ந்த தண்ணீர் மேலேயே நிற்கும். உப்பில்லாமல் செய்தால் உடனே கலந்துவிடும். உப்புப் போட்டும் கலந்தால், ஊற்றிய வேகம் அதிகம் என்று அர்த்தம். கரண்டியைத் தண்ணீர் மட்டத்தைத் தொட்டபடி பிடித்துக்கொண்டு மறுபடி செய்யுங்கள். பிறகு மேலே ஊதிப் பாருங்கள்: மேல் பாதி மட்டும் சுழலும்.